கோணேசர் மலை ஒரு கொப்பிப் பக்கத்தில்: நீர்வர்ணச் செய்முறை

தாள் 300 ஜிஎஸ்எம் (தடித்த நீர்வர்ணத் தாள்) இருக்க வேண்டும். பாடசாலை வரைதல் கொப்பி முதல் ஈரத்திலேயே அப்பளம் போல நெளியும். 8ஆம் இலக்க வட்டத் தூரிகை ஒன்று போதும்; பத்துத் தூரிகை உள்ள செட் வீண் செலவு. வெள்ளை மெழுகுதிரித் துண்டும் இரண்டு கிளிப்பும் எடுங்கள்.

திருகோணமலையின் டச்சு பே கடற்கரை மணலில், கோணேசர் கோயில் நிற்கும் மலையைப் பார்த்து இருங்கள். காலை 7 மணிக்கு வெயில் வலப்பக்கக் கடலிலிருந்து வரும். தொடுவானத்தைப் பக்கத்தின் அடியிலிருந்து கால்பங்கு உயரத்தில் கீறுங்கள். உயர்த்திக் கீறினால் ஹெலிகொப்டரிலிருந்து பார்த்த மலையாகிவிடும்.

அலை நுரைக்கு மெழுகை முதலே தேய்க்க வேண்டும். வர்ணத்துக்குப் பிறகு தேய்த்துப் பலனில்லை.

பிறகு வானம். பலர் சறுக்குவது இதற்கும் மலைக்கும் இடையில்தான். உப்புக்காற்றில் தாளின் பளபளப்புப் போனாலும் உள்ளே ஈரம் நிற்கும். அப்போது பாறையை வைத்தால் வர்ணம் வானத்துக்குள் பூக்கோவா மாதிரி விரியும். புறங்கையைத் தாளில் வையுங்கள்: குளிர்ந்தால் காயவில்லை. மாரியில் அரை மணி நேரமும் ஆகலாம். கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ்: வானம் பூசி முடிக்கமுன் விளிம்பு காய்ந்து கோடு விழும். அந்த நாட்களில் வானப் பகுதிக்கு வெறும் தண்ணீர் இரண்டு தரம் பூசிவிட்டுத் தொடங்குங்கள்.

பாறைக்குக் கறுப்பு ட்யூப்பைத் தொடாதீர்கள், மலை செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலமும் பேர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சமமாகக் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். வெயில் படும் பக்கம் சியன்னா கூட, நிழலில் நீலம் கூட. உச்சியில் கோயிலுக்கு நாலைந்து தொடுகை போதும்.

கொப்பியின் எதிர்ப்பக்கத்தை மலையடியில் உள்ள பிரெட்ரிக் கோட்டையின் வாசலுக்கு வையுங்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள்தான் கோட்டைக்குப் போயின. வாசல் கல்லில் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னமும், கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயர் வரும் சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கின்றன. அதில் தாள் வைத்துப் பென்சிலால் உரசாதீர்கள், பார்த்தே எழுதுங்கள். உடைந்த எழுத்து உடைந்தபடியே வரட்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம். பழைய கோயிலுக்குக் கற்பனைக் கோபுரம் கீறுவதையும் விடுங்கள். அந்த இடத்தை வெறுந்தாளாக விட்டு ஆண்டை மட்டும் எழுதினால் போதும். கோட்டைக்குள் இராணுவ முகாம் உண்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கீற வேண்டாம்.

பிற்சேர்க்கை: பக்கத்தில் பேனாவால் எழுதியது கரைந்துவிட்டது, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சாதாரண ஜெல் பேனா ஈரம் பட்டால் ஓடும். நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா வாங்குங்கள். மெழுகு தேய்த்த இடத்தில் அதுவும் பிடிக்காது, எழுத்துக்கு வேறு மூலை பாருங்கள்.