தண்டுவட செல்லுல மினி கரண்ட் பிடிக்கறது எப்படி

ஒரே ஒரு வெசிக்கிள்ல (நரம்பு முனையில இருக்கற சின்னப் பை) இருக்கற குளுட்டமேட் (செல்லைத் தூண்டற ரசாயனம்) கொட்டினா அடுத்த செல்லுல வர்ற கரண்ட்தான் மினி, பெரும்பாலும் 10, 20 பிக்கோஆம்பியர்தான் இருக்கும், அதனால நாய்ஸ் கொஞ்சம் ஏறினாலும் சின்னதெல்லாம் அதுக்குள்ள முங்கிடும்.

முதல்ல ஸ்லைஸ், அதாவது தண்டுவடத்தோட மெல்லிய துண்டு. தண்டுவடத்தை எடுத்த உடனே ஐஸ் மாதிரி குளிர்ந்த சுக்ரோஸ் சொல்யூஷன்ல போட்டு 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கிட்டே இருங்க. மேல இருக்கற சவ்வை பொறுமையா உரிச்சிடணும், இல்லன்னா பிளேடு அதை இழுத்துக்கிட்டே போய் ஸ்லைஸையே நசுக்கிடும். 300லேர்ந்து 400 மைக்ரான் தடிமன் போதும், வெட்டினதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஓய்வு குடுங்க.

டார்சல் ஹார்ன்ல (தண்டுவடத்துல முதுகுப் பக்கம் இருக்கற பகுதி) கண்ணாடி மாதிரி தெளிவா தெரியற பட்டைதான் லேமினா 2. அதுல ஓரம் வழுவழுன்னு இருக்கற செல்லா பாருங்க, ஊதிப்போய் உள்ள நியூக்ளியஸ் பளிச்னு தெரிஞ்சா அது சாகப்போற செல், விட்டுடுங்க. பிப்பெட் (கரண்ட் அளக்கற கண்ணாடி ஊசி) ரெசிஸ்டன்ஸ் 4லேர்ந்து 6 மெகாஓம், லேசா பிரஷர் வச்சு கிட்ட போனா செல் மேல ஒரு சின்ன குழி விழும், அப்ப பிரஷரை விட்டுட்டு மெதுவா உறிஞ்சினா கிகாஓம் சீல் (பிப்பெட் முனை செல்லோட இறுக்கமா ஒட்டறது) வந்துடும்.

செல்லை -70 மில்லிவோல்ட்ல பிடிச்சு நரம்பு சிக்னலை நிறுத்தற டிடிஎக்ஸ் 1 மைக்ரோமோலார் விடுங்க (கொடிய விஷம், கிளவுஸ் கட்டாயம்). கூடவே காபாவை அடைக்கற பைக்குகுலின் 10, கிளைசினை அடைக்கற ஸ்ட்ரிக்னின் 1 மைக்ரோமோலார். ஹிப்போகேம்பஸ்ல (மூளையில ஒரு பகுதி) பழகினவங்க ஸ்ட்ரிக்னினை மறந்துடறாங்க, ஆனா தண்டுவடத்துல காபாவோட கிளைசினும் பிரேக் போடுது, ரெண்டையும் அடைக்கணும். அந்த பிரேக் கரண்டைத்தான் பாக்கணும்னா பிப்பெட்ல சீசியம் சொல்யூஷன், 0 மில்லிவோல்ட், அந்த ரெண்டு மருந்துக்கு பதிலா குளுட்டமேட்டை அடைக்கற சிஎன்க்யூஎக்ஸ்.

இப்ப சொல்றதுதான் ரொம்ப முக்கியம், சீரீஸ் ரெசிஸ்டன்ஸை (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற தடை) ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதடவை 5 மில்லிவோல்ட் ஸ்டெப் குடுத்து பாத்துக்கிட்டே இருங்க. அது ஏறினா மினி சின்னதாகும், மெதுவாகும், நீங்க மருந்து வேலை செஞ்சிருச்சுன்னு நினைச்சுக்குவீங்க. 20% மாறிட்டா அந்த செல்லை தூக்கிப் போட்டுடுங்க, எவ்ளோ அழகான செல்லா இருந்தாலும் சரி.

ஃபில்டர் 2 கிலோஹெர்ட்ஸ், சாம்பிளிங் 10 கிலோஹெர்ட்ஸ். சாஃப்ட்வேர் பிடிச்சதை கண்ணாலயும் பாருங்க, நிஜ மினி சடார்னு இறங்கி மெதுவா திரும்பி வரும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அது நாய்ஸ். ஃப்ரீக்வென்சி குறைஞ்சா ப்ரீசினாப்டிக்னு (குளுட்டமேட் கொட்டற செல்லுல மாற்றம்னு) அவசரமா எழுதிடாதீங்க, ஆம்பிளிட்யூட் குறைஞ்சு சின்ன மினிங்க த்ரெஷ்ஹோல்டுக்குக் (சாஃப்ட்வேர் மினின்னு எண்ணற குறைஞ்சபட்ச அளவு) கீழ போயிருக்கலாம். கடைசியா சிஎன்க்யூஎக்ஸ் விடுங்க, அதுக்கப்புறமும் சாஃப்ட்வேர் மினி எண்ணிக்கிட்டே இருந்தா த்ரெஷ்ஹோல்டை ஏத்தி முதல்லேர்ந்து எண்ணணும்.