ஃபயர்ஃப்ளை தொடரைச் சரியான வரிசையில் அடுக்குவது எப்படி?

ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உங்களிடம் இருக்கும் முதல் எபிசோடின் பெயர் என்ன? "செரினிட்டி" என்று பதில் வந்தால் எனக்கு நிம்மதி. "தி ட்ரெயின் ஜாப்" என்றால், தயவுசெய்து இன்று ஓட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தப் பதிவில் சொல்லியிருப்பதுபோல் அடுக்கிவிட்டு நாளைக்கு உட்காருங்கள்.

மொத்தமே 14 எபிசோடுகள். 2002 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 20இல் முடிந்துவிட்டது. அதிலும் ஒளிபரப்பானவை 11தான். கதை நடப்பது 2517இல். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்ற மால்கம் ரெனால்ட்ஸ், ஒரு பழைய சரக்குக் கப்பலை வாங்கி, கடத்தலும் கூலிச் சவாரியுமாகக் கோள்களுக்கு இடையே பிழைப்பு நடத்துகிறான். கப்பலின் பெயர் செரினிட்டி. அவன் தோற்ற போர்க்களத்தின் பெயரும் அதுதான்.

படைப்பாளி ஜாஸ் வீடன் முதலில் எடுத்தது, விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு வரும் "செரினிட்டி". அதை முதலில் காட்ட சேனல் ஒப்புக்கொள்ளவில்லை, விறுவிறுப்பாக வேறொன்று வேண்டும் என்றது. வீடனும் தொடரின் இன்னொரு எழுத்தாளரான டிம் மினியரும் ஒரே வார இறுதியில் உட்கார்ந்து "தி ட்ரெயின் ஜாப்" எழுதினார்கள். அது முதலில் போனது. யார் யார் எப்படிக் கப்பலில் ஏறினார்கள் என்று சொல்லும் "செரினிட்டி", மூன்று மாதம் கழித்துக் கடைசியாக ஒளிபரப்பானது. கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போனதுபோல.

நானும் என் மனைவியும் முதல் தடவை அந்த ஒளிபரப்பு வரிசையில்தான் பார்த்தோம். நண்பர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது எபிசோடில் அவள் கேட்டாள்: "இந்த அண்ணனும் தங்கச்சியும் எங்கிருந்து வந்தாங்க? எதுக்கு ஒளிஞ்சு வாழறாங்க?" எனக்கும் பாதிதான் தெரிந்தது. அத்தோடு நிறுத்திவிட்டோம். ஓராண்டு கழித்து டிவிடி பெட்டி கைக்கு வந்து, முதல் டிஸ்க்கைப் போட்டபோது அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் முதல் எபிசோடிலேயே பதில் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த அடுக்கும் வேலை.

படி 1: டிஸ்க்கிலிருந்து கணினிக்கு

டிஸ்க்கில் இருக்கும் வீடியோவைக் கோப்பாக எடுக்கும் மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும். டிஸ்க்கைப் போடுங்கள், திறக்கச் சொல்லுங்கள், 40 நிமிடத்துக்கு மேல் ஓடும் தலைப்புகளை மட்டும் டிக் செய்து சேமியுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் கொண்டு கோப்பின் அளவைச் சுருக்குபவர்கள் உண்டு. இந்தத் தொடருக்கு நான் அதைச் செய்யமாட்டேன். கப்பலின் உட்புறம் முழுக்க மங்கலான விளக்கு, மரநிறம், நிழல். டிவிடியின் படத்தில் இருக்கும் விவரமே குறைவு, அதையும் சுருக்கினால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகிவிடும். 14 எபிசோடுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ப்ளூ ரே கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

படி 2: எது எந்த எபிசோட்?

பெட்டியில் அச்சாகியிருக்கும் வரிசைதான் படைத்தவர்கள் நினைத்த வரிசை. ஆனால் கணினியில் வந்து விழும் கோப்புகளுக்கு வெறும் எண்தான் இருக்கும், அந்த எண்ணை நம்ப முடியாது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஒவ்வொன்றையும் திறந்து முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். நான் குறித்து வைத்த அடையாளங்களைத் தருகிறேன். கதையை உடைக்கும் எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஒன்று, "செரினிட்டி". போர்க்களத்தில் தொடங்கும். ஓடும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி, மற்றவை முக்கால் மணியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு, "தி ட்ரெயின் ஜாப்": மதுக்கடைச் சண்டை. மூன்று, "புஷ்வேக்டு": சரக்கு அறையில் எல்லோரும் பந்து விளையாடுவார்கள். நான்கு, "ஷிண்டிக்": கப்பலின் மெக்கானிக் கெய்லி ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் இளஞ்சிவப்பு உடையை ஏக்கத்தோடு பார்க்கும் காட்சி சீக்கிரமே வரும். ஐந்து, "சேஃப்": அண்ணன் சைமனும் தங்கை ரிவரும் சிறுவர்களாக இருந்தபோது நடந்தது. ஆறு, "அவர் மிசஸ் ரெனால்ட்ஸ்": கேப்டன் பெண் வேடத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பான். ஏழு, "ஜேன்ஸ்டவுன்": கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் ஊர் நடுவே, கப்பலின் அடியாள் ஜேனுக்கு ஒரு சிலை இருக்கும். எட்டு, "அவுட் ஆஃப் கேஸ்": ஆளில்லாத கப்பல், ஓசையே இல்லை. ஒன்பது, "ஏரியல்": மருத்துவமனைக் கொள்ளை. பத்து, "வார் ஸ்டோரீஸ்": பாதிரியார் புக்கும் டாக்டர் சைமனும் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினொன்று, "ட்ராஷ்": கேப்டன் பாலைவனத்தில் பாறை மேல் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டு, "தி மெசேஜ்": ஜேனுக்கு அம்மா பின்னி அனுப்பிய தொப்பி இதில்தான் வருகிறது. பதின்மூன்று, "ஹார்ட் ஆஃப் கோல்ட்": கப்பலில் பயணம் செய்யும் இனாராவின் தோழி உதவி கேட்பாள். பதினான்கு, "ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்": ரிவர் வெறுங்காலோடு கப்பலுக்குள் நடந்து வருவாள்.

இதில் ட்ராஷ், தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்ட் மூன்றும் அமெரிக்காவில் அந்த முதல் ஒளிபரப்பில் வரவே இல்லை. உங்கள் தொகுப்பில் 11 மட்டும் இருந்தால் இந்த மூன்றும்தான் விட்டுப்போயிருக்கும். இவை இல்லாமல் கடைசி எபிசோடுக்குப் போகாதீர்கள். அங்கே இனாரா எடுத்திருக்கும் ஒரு முடிவு, ஹார்ட் ஆஃப் கோல்ட் பார்க்காதவர்களுக்குத் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கும்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு இயந்திர பாகம். முதல் எபிசோடிலேயே கெய்லி கேப்டனிடம் கம்ப்ரஷன் காயில் மாற்ற வேண்டும் என்கிறாள். காசில்லை, தள்ளிப்போடுகிறான். எட்டாவது எபிசோடில் அந்தக் காயிலோடு சேர்ந்த பாகம்தான் வெடித்து, கப்பல் நடுவெளியில் மூச்சுக் காற்றில்லாமல் நிற்கிறது. சரியான வரிசையில் பார்ப்பவருக்கு அந்த நொடியில் வயிற்றைப் பிசையும். ஒளிபரப்பில் பார்த்தவர்களுக்கு விபத்து அக்டோபரில் வந்தது, எச்சரிக்கை டிசம்பரில் வந்தது.

படி 3: பெயர் வைத்தல்

தொடரின் பெயர், பிறகு எஸ்01இ01 (சீசன் 1, எபிசோட் 1) என்ற மாதிரியில் எண், பிறகு எபிசோட் பெயர். கோப்பில் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் "சீசன் 01" என்ற ஒரே கோப்புறைக்குள் போடுங்கள். எபிசோட் பெயரை விட்டுவிடாதீர்கள். ஏனென்று அடுத்த படியில் தெரியும்.

படி 4: நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்ட இடம்

வீட்டு டிவியில் பார்க்க நான் ஜெல்லிஃபின் வைத்திருக்கிறேன், கணினியில் இருக்கும் வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள் அது. இலவசம், வெளி நிறுவனம் எதிலும் கணக்குத் திறக்கச் சொல்லாது, எல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். கோப்புகளைச் சேர்த்ததும் அழகாகப் படங்களோடு வந்துவிட்டது. முதல் எபிசோடைத் தட்டினேன். மேலே "தி ட்ரெயின் ஜாப்" என்று எழுதியிருந்தது, ஓடியது போர்க்களம்.

நடந்தது இதுதான். சர்வர் நம் கோப்பில் எழுதியிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. எஸ்01இ01 என்றதும் ஒரு தகவல் தளத்திடம் "இந்தத் தொடரின் முதல் எபிசோட் எது?" என்று கேட்கிறது. அந்தத் தளம் ஒளிபரப்புத் தேதியை வைத்து எண் போட்டிருந்தால் பதில் தி ட்ரெயின் ஜாப். நம்முடைய எண் டிஸ்க் வரிசை, அதனுடையது ஒளிபரப்பு வரிசை. இரண்டுமே தவறில்லை, ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை.

இது புரியாமல் நான் 14 எபிசோடின் தலைப்பையும் கதைச் சுருக்கத்தையும் கையாலேயே மாற்றி எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சில நாள் கழித்துத் தகவலைப் புதுப்பிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். எழுதியதெல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிட்டது. மறுபடி எழுதினேன், மறுபடி அழிந்தது.

சரியான வழி இது. எபிசோடைத் தொடாதீர்கள். தொடரின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளிகளைத் தட்டி, தகவலைத் திருத்தும் பகுதியைத் திறங்கள். கீழே போனால் காட்சி வரிசை என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதில் டிவிடி என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அவ்வளவுதான், 14 தலைப்பும் இடம் மாறி உட்காரும்.

பிற்சேர்க்கை: சேமித்தும் மாறவில்லை என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். சேமித்த பிறகு அதே தொடருக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது, விடுபட்டதை மட்டும் தேடு என்பதை விட்டுவிட்டு, எல்லாத் தகவலையும் மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி: தலைப்புகளைக் கையால் திருத்தி, அதே திருத்தும் பகுதியில் இருக்கும் பூட்டும் தெரிவை ஒவ்வொரு எபிசோடுக்கும் போட்டுவிடுங்கள். பூட்டியதைப் புதுப்பித்தல் தொடாது. இது எனக்கு அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருக்க வேண்டும்.

ஜெல்லிஃபினுக்குப் பதில் கோடி (Kodi) என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே தளங்களிலிருந்து தகவல் எடுக்கும் ஸ்க்ரேப்பர் என்ற பகுதியின் அமைப்பில் டிவிடி வரிசையைத் தெரிந்தெடுத்துவிட்டு, தொடரை நூலகத்திலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். எது எப்படியானாலும் முதல், எட்டாவது, பதினான்காவது மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். கோப்பிலேயே எபிசோட் பெயர் வைத்திருந்தால் ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை.

படி 5: சப்டைட்டில்

டிஸ்க்கில் உள்ளதையே எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை. தனியாகத் தேடி இறக்குபவர்கள் கவனிக்க வேண்டும்: அவற்றிலும் இரண்டு வரிசை இருக்கின்றன. இ03 என்று இறக்கியதில் புஷ்வேக்டு வசனத்துக்குப் பதில் அவர் மிசஸ் ரெனால்ட்ஸ் வசனம் வரும். நேரம் தள்ளிப்போயிருக்கிறது என்று நினைத்து நொடிகளை நகர்த்திக்கொண்டு உட்காராதீர்கள். கோப்பை நோட்பேடில் திறந்து, முதல் பத்து வரியில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

பாத்திரங்கள் கோபம் வந்தால் மாண்டரின் சீனத்தில் திட்டுவார்கள். அந்த இடத்தில் சப்டைட்டில் வராது. காணாமல் போகவில்லை, வேண்டுமென்றே விட்டது. அமெரிக்காவும் சீனாவும் கலந்து உருவான எதிர்காலம் அது, அங்கே எல்லோருக்கும் இரண்டு மொழியும் தெரியும்.

பின்னூட்டத்தில் வந்த இன்னொரு சந்தேகம்: கப்பல் வெளியே பறக்கும்போது ஆடியோ போய்விடுகிறதே? போகவில்லை. விண்வெளியில் காற்று இல்லை, அதனால் ஒலியும் இல்லை. அதை மதித்து எடுத்திருக்கிறார்கள். இசை இருக்கும், எஞ்சின் உறுமல் இருக்காது. கேமரா ஆடுவதும், சட்டென்று உள்ளே பாய்ந்து கப்பலைத் தேடுவதும்கூடப் பழுதில்லை. கணினியில் செய்த விண்வெளிக் காட்சிகளையும் ஒருவர் தோளில் கேமராவை வைத்து எடுத்ததுபோல் செய்திருக்கிறார்கள். முதல் எபிசோடின் காட்சி விளைவுகளுக்கு 2003இல் எம்மி விருது கிடைத்தது.

படி 6: படம்

தொடர் நின்ற பிறகு, 2005 செப்டம்பரில் அதே நடிகர்களோடு யுனிவர்சல் நிறுவனம் வழியாக ஒரு திரைப்படம் வந்தது. அதன் பெயரும் "செரினிட்டி". இங்கேதான் ஒரு வாசகர் மாட்டிக்கொண்டார். படத்தையும் தொடரின் கோப்புறைக்குள்ளேயே போட்டுவிட்டார், அது முதல் எபிசோடின் இன்னொரு பிரதி என்று சர்வர் நினைத்துக்கொண்டது. அவர் வீட்டில் முதல் இரவே படம் ஓடிவிட்டது. 14 எபிசோடும் பார்த்து, கப்பலில் இருக்கும் ஒன்பது பேரும் வீட்டு ஆட்கள்போல் ஆன பிறகு பார்க்க வேண்டிய படம் அது. முன்னால் பார்த்தால் அதில் நடப்பது எதுவும் உங்களைத் தொடாது.

படத்துக்குத் தனிக் கோப்புறை, திரைப்பட நூலகத்துக்குள். பெயருக்குப் பக்கத்தில் 2005 என்று ஆண்டு கட்டாயம். 2019இல் இதே பெயரில் தொடர்பே இல்லாத வேறொரு படமும் வந்திருக்கிறது.

படி 7: தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்துங்கள்

இது என் சொந்த விருப்பம், ஆனாலும் படி என்றே எழுதுகிறேன். பன்னிரண்டாவதுக்கு முன்னால், ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தி மெசேஜ்தான் கடைசியாகப் படமாக்கப்பட்டது. அதை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தொடர் நிறுத்தப்பட்ட செய்தி படக்குழுவுக்கு வந்தது. முடிவில் ஒரு இறுதிச் சடங்கு வரும், பனி பெய்துகொண்டிருக்கும். அதற்கு இசையமைத்த கிரெக் எட்மன்சன், தொடருக்குத் தன் விடைகொடுத்தலாகவும் அந்த இசையை எழுதினார். நாங்கள் இரண்டாம் முறை பார்த்தபோது, அது முடிவதற்குள் திரை சுருங்கி, "அடுத்த எபிசோட் 10 நொடியில்" என்று வந்துவிட்டது. ரிமோட்டைத் தேடுவதற்குள் போய்விட்டது. மனைவி பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். அன்றைக்கு அடுத்ததைப் பார்க்கவில்லை.