தீவைப் பிடிக்கும் போரின் புகைப்படங்களை வாசிக்கப் பழகுவோம்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

ஆறு பேர் சேர்ந்து ஒரு கொடிக்கம்பத்தை நிமிர்த்துகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய ஐவோ ஜிமா தீவில் ஜோ ரோசன்தால் எடுத்த இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்களில் பலர் அதைப் போர் முடிந்த வெற்றித் தருணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எடுக்கப்பட்டது 1945 பிப்ரவரி 23, சண்டை தொடங்கிய ஐந்தாம் நாள். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தீவில் ரத்தம் சிந்தியது. படத்தில் இருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஆறு பேர் யார் யார் என்பதே 2019இல்தான் சரியானது.

உலகமே பார்த்த படத்துக்கே இந்த நிலை என்றால், பெயரும் தேதியும் இல்லாமல் கைபேசியில் வந்து விழும் மற்றப் போர்ப் படங்களை என்ன செய்வது? நிதானமாக உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு ராணுவ அறிவு முன்கூட்டியே தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரே ஒரு படம், ஒரு மணி நேரம் போதும்.

படி 1: மூலப்படத்தைத் தேடி எடுங்கள்

பகிரப்பட்டுப் பகிரப்பட்டு மங்கிப்போன பிரதியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடி, கிடைப்பதிலேயே பெரிய பிரதியை எடுங்கள். இரண்டாம் உலகப்போரின் பசிபிக் தீவுப் படங்கள் ஏராளமாக அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே உள்ள எண்களைக் கவனியுங்கள். '80-ஜி' என்று தொடங்கினால் கடற்படையின் தொகுப்பு, '127' என்றால் கடலிலிருந்து கரையேறிப் போரிடும் மரைன் படையின் தொகுப்பு. பிரிட்டிஷ் படங்களுக்கு இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஆஸ்திரேலியப் படங்களுக்கு ஆஸ்திரேலியப் போர் நினைவகம்.

வண்ணம் ஏற்றிய பிரதிகளை இந்தப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். பின்னாளில் யாரோ பூசிய நிறத்தை வைத்து மண்ணின் நிறம், சீருடையின் நிறம் என்று முடிவுகட்டினால் எல்லாமே பிழையாகிவிடும்.

படி 2: குறிப்பை மறைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்

படத்தின் கீழே இருக்கும் வரிகளைக் காகிதத்தால் மறையுங்கள், அல்லது திரையில் மேலே தள்ளிவிடுங்கள். படத்தை மனதுக்குள் ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'ஐவோ ஜிமா' என்று எழுதாதீர்கள். 'கறுப்பு மணல், மரம் இல்லை' என்று எழுதுங்கள். 'இறந்துவிட்டார்' என்று எழுதாதீர்கள். 'குப்புறக் கிடக்கிறார், கை உடம்புக்கு அடியில்' என்று எழுதுங்கள். ஆட்களை ஒவ்வொருவராக எண்ணுங்கள். பின்னால் மங்கலாகத் தெரிபவரையும் விடாதீர்கள். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது.

படி 3: மண்ணைக் கேளுங்கள்

பசிபிக் போர்ப் படம் எதைக் கண்டாலும் 'ஐவோ ஜிமா' என்று எழுதிவிடும் பழக்கம் இணையத்தில் இருக்கிறது. தென்னைமரங்கள் வரிசையாக நிற்கும் படத்துக்குக்கூட அந்தப் பெயரைப் போட்டிருப்பார்கள். தீவுக்குத் தீவு மண் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஐவோ ஜிமாவின் கரை கறுப்பான எரிமலைச் சாம்பல். கால் புதைந்துவிடும், குழி தோண்டினால் சரிந்து மூடிக்கொள்ளும். கரையிலிருந்து படிப்படியாக உயரும் சாம்பல் மேடுகளில் வீரர்கள் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும் படங்கள் அங்கே எடுத்தவை. தாராவா பவளத்தீவுக் கூட்டத்தின் பேட்டியோ என்ற சிறுதீவில் மண் வெள்ளை. குண்டுவீச்சில் தலை பறிபோன தென்னைகளும், தென்னந்தடிகளை அடுக்கிக் கட்டிய கரைத்தடுப்புச் சுவரும் அங்கே பளிச்சென்று தெரியும். குவாடல்கனல் என்றால் அடர்ந்த காடு, சேறு, ஆளுயரப் புல். பெலிலியு என்றால் கூர்கூரான பவளப்பாறைக் குன்றுகள். சைப்பனில் கரும்புத் தோட்டங்கள் உண்டு. பொதுமக்களும் இருந்தார்கள், ஆகவே குழந்தைகளையும் தாய்மாரையும் அங்கே எடுத்த படங்களில் காண்கிறோம். பனியும் மூடுபனியுமாக இருந்தால் திகைக்க வேண்டாம். அலாஸ்காவின் அலூஷியன் தொடரில் உள்ள அட்டு தீவிலும் 1943 மே மாதத்தில் கடும் சண்டை நடந்தது.

தண்ணீரையும் பாருங்கள். 1943 நவம்பர் 20 அன்று பேட்டியோவில் தரையிறங்கியபோது கடலின் ஓதம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றுவிட, வீரர்கள் சில நூறு மீட்டர் தூரம் நெஞ்சளவு தண்ணீரில், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, நடந்தே கரை சேர வேண்டியிருந்தது. தாராவாப் படத்தில் கரைக்கு வெகுதூரத்தில் ஒரு படகு சும்மா நிற்பதைப் பார்த்தால் அது வெறும் பின்னணி இல்லை. மூன்றே நாளில் சுமார் ஆயிரம் மரைன்கள் இறந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

படி 4: கையில் என்ன, தலையில் என்ன

இங்கே ஆழமாகப் போக வேண்டாம், இரண்டே அடையாளங்கள் போதும். 1942 ஆகஸ்ட்டில் குவாடல்கனலில் இறங்கிய மரைன்கள் பழைய ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியோடு போனார்கள். பின்னால் நடந்த சண்டைகளில் பெரும்பாலும் எம்1 காரண்ட் துப்பாக்கியே தெரியும். ஹெல்மெட் மேல் புள்ளிபுள்ளியாய் மறைப்புத் துணி போர்த்தியிருந்தால் அநேகமாக மரைன் படை, காலமும் 1943 அல்லது அதற்குப் பிறகு. இவை உறுதியான சான்று ஆகா. மற்றத் தடயங்களோடு சேர்த்துப் பார்க்க உதவும்.

படி 5: படம் திரும்பியிருக்கிறதா?

நெகட்டிவை மாற்றி வைத்து அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். மேலே சொன்ன ஸ்பிரிங்ஃபீல்ட், காரண்ட் துப்பாக்கிகளின் இயக்கும் பிடி வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மரைன்களின் சட்டையில் படையின் முத்திரை இடது மார்புப் பையில் இருக்கும்.

ஐவோ ஜிமாவுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. சுரிபாச்சி மலை தீவின் தென்மேற்கு நுனியில் நிற்கிறது. படைகள் இறங்கியது தென்கிழக்குக் கரை. ஆகவே கப்பலிலிருந்து கரையை நோக்கி எடுத்த தரையிறக்கப் படத்தில் மலை இடப்பக்கம் இருக்க வேண்டும். அதே கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் அது வலப்பக்கம் வரும்.

படி 6: கேமராக்காரர் எங்கே நின்றார்?

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

வீரர்களின் முதுகு தெரிகிறதா, முகம் தெரிகிறதா? முதுகு தெரிந்தால் எடுத்தவர் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறார். முன்னேறும் வீரர்களின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அவர் அவர்களுக்கும் எதிரிக்கும் நடுவில் இருக்கிறார் என்று பொருள். அப்படியானால் கேள்விகள் எழுகின்றன. அந்த இடம் ஏற்கனவே பாதுகாப்பாகிவிட்டதா? பயிற்சியின்போது எடுத்ததா? படத்துக்காக மறுபடி ஓடச் சொன்னார்களா? அல்லது உண்மையிலேயே உயிரைப் பணயம் வைத்தாரா? நான்காவதும் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஒளிப்பதிவாளர் டேமியன் பேரர், 1944 செப்டம்பரில் பெலிலியுவில், முன்னேறும் மரைன்களின் முகங்களைப் படமாக்க ஒரு டாங்கியின் மறைவில் பின்னோக்கி நடந்தபோது சுடப்பட்டு இறந்தார். முதுகுகளை மட்டுமே எடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். முகம் தெரியும் போர்ப் படம் ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் எனக்கு அவர் நினைவு வரும்.

கேமராவின் உயரத்தையும் பாருங்கள். தரையோடு தரையாக இருந்தால் எடுத்தவரும் படுத்திருக்கிறார். எல்லோரும் பதுங்கியிருக்க, படம் மட்டும் நின்ற உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கருவிக்கும் இதில் பங்கு உண்டு. ரோசன்தால் வைத்திருந்தது ஸ்பீடு கிராஃபிக் என்ற பெரிய கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் தகட்டை மாற்ற வேண்டும், சடசடவென்று எடுத்துத் தள்ள முடியாது. சுரிபாச்சி உச்சியில் கற்களையும் மணல்மூட்டையையும் அடுக்கி மேலே ஏறி நின்றார். கொடி எழுந்தபோது ஒரே ஒரு முறைதான் அழுத்த முடிந்தது.

அடுத்த கேள்வி, எந்தப் பக்கத்துக்காரர் எடுத்தார்? 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் தீவு வீழ்ந்த நாளில், பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவலும் அதிகாரிகளும் வெள்ளைக்கொடியோடு புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்கு நடந்துபோகும் படம் ஜப்பானியர் எடுத்தது. தோற்றவர்கள் தங்களை அப்படி எடுத்திருக்க மாட்டார்கள். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவில் இது இன்னும் தெளிவு. 1982 ஏப்ரல் 2 அன்று கைகளை உயர்த்தி நடக்கும் பிரிட்டிஷ் மரைன்களை எடுத்தவர் அர்ஜென்டினாவின் ரஃபேல் வோல்மன். அதே ஆண்டு ஜூனில், முதுகில் சிறு பிரிட்டிஷ் கொடி பறக்க ஸ்டான்லி நகரை நோக்கி நடக்கும் மரைனின் படத்தை எடுத்தவர் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்தவர். ஒரே தீவு, இடையில் பத்தே வாரம். ஒன்றை மட்டும் பார்த்தவர் மனதில் ஒரு கதை பதியும், மற்றதைப் பார்த்தவர் மனதில் வேறு கதை.

படி 7: முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் தேடுங்கள்

ஒரு படம் தனியாகப் பிறப்பதில்லை. அதே நாள், அதே இடம், வேறு கேமரா என்று தேடுங்கள். சுரிபாச்சியில் அன்று காலையிலேயே ஒரு சிறிய கொடி ஏற்றப்பட்டது, அதை லூயிஸ் லோவரி எடுத்தார். கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று பெரிய கொடியைக் கொண்டுவந்து இரண்டாவதாக ஏற்றியதைத்தான் ரோசன்தால் எடுத்தார். பிறகு வீரர்களைக் கொடிக்கடியில் நிறுத்தி அவர்கள் ஆரவாரிக்கும் குழுப்படம் ஒன்றையும் எடுத்தார். பின்னால் ஒருவர் 'நிற்கவைத்து எடுத்ததா?' என்று கேட்டபோது, குழுப்படத்தை நினைத்து 'ஆம்' என்றார். ஜோடித்த படம் என்ற வதந்தி அங்கிருந்து கிளம்பி அவர் வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அவர் பக்கத்திலேயே நின்று பில் ஜெனஸ்ட் அதே காட்சியை வண்ணத் திரைச்சுருளில் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவைப் பார்த்தால் வதந்தி நிற்காது. ஜெனஸ்ட் அடுத்த மாதமே அதே தீவில் ஒரு குகையில் இறந்துபோனார்.

பெயர்ப்பிழை திருத்தப்பட்டதும் இந்த வழியில்தான். ஒருவரின் பெயர் 1947இலேயே திருத்தப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் கழித்து, வரலாற்று ஆர்வலர்கள் சிலர் மற்றப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு பேரில் ஒருவராகச் சொல்லப்பட்டு வந்த ஜான் பிராட்லியின் கால்சட்டை விளிம்பு மற்றப் படங்களில் மடிக்கப்பட்டிருக்கிறது, கொடிப்படத்தில் அந்த ஆளுக்கு இல்லை. ஃபிராங்க்ளின் சௌஸ்லி என்று சொல்லப்பட்டவரின் தலைக்கவச வார், துப்பாக்கி வார் எல்லாம் வேறொருவரோடு பொருந்தின. மரைன் படை ஆராய்ந்து, பிராட்லி என்று நினைத்தவர்தான் சௌஸ்லி, சௌஸ்லி என்று நினைத்தவர் ஹரால்ட் ஷூல்ட்ஸ் என்று 2016இல் ஏற்றது. 2019இல் ரெனே கேக்னான் என்று சொல்லப்பட்டவர் ஹரால்ட் கெல்லர் என்றானது. அதற்கு விரலில் தெரிந்த மோதிரமும் ஒரு தடயம். ஷூல்ட்ஸும் கெல்லரும் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

படி 8: இப்போது குறிப்பைப் படியுங்கள், இல்லாததையும் தேடுங்கள்

உங்கள் நோட்டில் உள்ளதையும் குறிப்பையும் ஒப்பிடுங்கள். போர்க்காலக் குறிப்புகள் தணிக்கையைத் தாண்டி வந்தவை என்பதை மறக்காதீர்கள். தங்கள் வீரர்களின் சடலம் தெரியும் படங்களை அமெரிக்கா 1943 செப்டம்பர் வரை வெளியிட விடவில்லை. நியூ கினியின் புனா கடற்கரையில் மூன்று வீரர்கள் மணலில் கிடக்கும் ஜார்ஜ் ஸ்ட்ராக்கின் படத்தை லைஃப் இதழ் அந்த மாதம்தான் அச்சிட்டது. அதிலும் ஒரு முகமும் தெரியாது. ஆகவே அதற்கு முன் அமெரிக்க இதழ்களில் வந்த படங்களில் சடலங்கள் இல்லை என்பதால் சாவு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் அப்படியே. ஐவோ ஜிமாவைக் காத்து நின்ற ஜப்பானியர் சுமார் 21,000 பேர். அவர்கள் கிலோமீட்டர் கணக்கில் தோண்டிய சுரங்கங்களுக்குள் இருந்தார்கள், மிகப் பெரும்பாலோர் அங்கேயே மடிந்தார்கள். நம்மிடம் உள்ள படங்களில் அவர்கள் அநேகமாகச் சடலமாகவோ, கைதியாகவோ, ஒரு குகைவாயின் இருட்டாகவோதான் வருகிறார்கள். அந்த இருட்டையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

படி 9: நீங்களே குறிப்பு எழுதுங்கள்

யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார், அதற்குப் பிறகு என்ன நடந்தது. தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதிவிடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். கொடிப்படத்துக்கு என் நோட்டில் உள்ள குறிப்பை மாதிரியாகத் தருகிறேன்.

'சுரிபாச்சி மலை, ஐவோ ஜிமா, 23 பிப்ரவரி 1945. அன்றைய இரண்டாவது கொடி. எடுத்தவர் ஜோ ரோசன்தால், அசோசியேட்டட் பிரஸ். கம்பம், ஜப்பானியர் விட்டுப்போன தண்ணீர்க் குழாய். ஹார்லன் பிளாக், மார்ச் 1 அன்று இறந்தார். மைக்கேல் ஸ்ட்ராங்க், அதே நாள். ஃபிராங்க்ளின் சௌஸ்லி, மார்ச் 21. ஐரா ஹேய்ஸ், ஹரால்ட் ஷூல்ட்ஸ், ஹரால்ட் கெல்லர் வீடு திரும்பினார்கள். தீவில் சண்டை முடிந்தது மார்ச் 26.'