நோயாளிக்கு ஆன்மிகத் துணை: நல்ல மனதோடு நாம் செய்யும் தவறுகள்

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நோயாளி கேட்டதும் பதில் சொல்லக் கிளம்பிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. விதி, சோதனை, எல்லாம் நல்லதுக்குத்தான், தாங்க முடியாத சுமையைக் கடவுள் தர மாட்டார் என்று ஏதாவது ஒன்று நம் வாயில் எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், நாமும் ஆறுதல் சொன்ன திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். "இதையே யோசிச்சிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். அரை நிமிட மௌனம் அரை மணி நேரம் போல இருக்கும், இருக்கட்டும்.

அடுத்து, சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருக்கும் மதத்தை வைத்து ஆளை எடைபோடுவது. ஒரே மதத்தை எழுதிய இருவரில் ஒருவர் தினமும் தொழுபவராக இருக்கலாம், இன்னொருவர் பெற்றோர் எழுதிய பெயரை மாற்றாமல் விட்டவராக இருக்கலாம். அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புக்கால்ஸ்கி 1996-இல் சகாக்களோடு உருவாக்கிய 'ஃபிகா' முறை இதற்குக் கைகொடுக்கும்: நம்பிக்கை என்ன, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், உங்களைச் சேர்ந்த சமூகம் எது, சிகிச்சையில் இதை நாங்கள் எப்படிக் கவனிக்க வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம் குறிப்பது போல நாலு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவதாக இருந்தால் கேட்காமலே இருக்கலாம்.

மதம் இல்லை என்று எழுதியவரைத் தாண்டிப் போய்விடுகிறோம், அதுவும் தவறுதான். இருபது வருடமாகப் பேசாத தம்பி, பாதியில் நிற்கும் வேலை, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு, இதெல்லாம் கடவுளை நம்பாதவரையும் தூங்கவிடாது.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பச் சூழல், ஆன்மா நான்கும் பின்னிக் கிடப்பதை 'முழு வலி' என்றார். இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, உடம்பு வலியில் துடிப்பவர் முன்னால் பிரார்த்தனைப் புத்தகத்தை விரிக்கிறவர்கள் உண்டு. முதலில் நர்ஸைக் கூப்பிடுங்கள், மருந்து வேலை செய்யட்டும்.

நம் நம்பிக்கைக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கூடவே கூடாது. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, நம்மைப் பகைத்துக்கொள்ளவும் பயப்படுவார். பிரார்த்தனை செய்யலாமா என்று கேட்பதாக இருந்தாலும், வேண்டாம் என்று அவர் எளிதாகச் சொல்லும்படி கேட்க வேண்டும். அவரே கேட்கிறார், உங்களுக்கோ அந்த நம்பிக்கை இல்லை என்றால் நடிக்க வேண்டாம். அவர் வேண்டி முடிக்கும் வரை கூடவே அமைதியாக இருங்கள், அவருடைய மதத்தைச் சேர்ந்த ஒருவரை வரவழைத்துக் கொடுங்கள்.

"கடவுள் என்னைத் தண்டிக்கிறார்" என்ற பேச்சைச் சும்மா புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். 55 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகள் கிட்டத்தட்ட 600 பேரை 2 ஆண்டுகள் கவனித்து அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தன்னைக் கைவிட்டதாக உணர்ந்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. அதுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பயிற்சி பெற்ற ஆன்மிக ஆலோசகரைக் கூப்பிட இந்தப் பேச்சே போதும். வாதம் செய்து அந்த எண்ணத்தை மாற்ற முயல வேண்டாம்.

கட்டிலருகே கேட்டதை வராந்தாவில் பேசக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் மட்டும் சிகிச்சைக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லப்போகிறோம் என்பதை அவரிடமும் மறைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டாக்டர்கள் கைவிரித்த பிறகே ஆன்மிக ஆலோசகரை அழைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதுவரை பார்த்தே இராத ஒருவர் திடீரென்று வாசலில் வந்து நின்றால் "அப்போ முடிஞ்சுதா?" என்றுதான் நோயாளிக்குத் தோன்றும். நோயாளி சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆலோசகர் ஒருமுறை எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போகட்டும்.