புக்கியின் ஆள் பேச வந்தால் என்ன செய்வது?

சென்னையில் லீக் ஆடும் பையன்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஒருவன் மாநில அணிக்கோ டிஎன்பிஎல்லுக்கோ தேர்வானால், அவனையும் வீட்டாரையும் உட்காரவைத்து புக்கியின் (பந்தயப் பணம் வாங்கி நடத்துபவன்) ஆள் நெருங்கினால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் பேசுவேன். "நம்ம பையன் காசுக்கெல்லாம் மயங்க மாட்டான் சார்" என்பார் அப்பா. மயங்க மாட்டான், எனக்கும் தெரியும். ஆனால் காசு வாங்காமல் இருந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. ஒருவன் வந்து கேட்டதை அதிகாரிகளிடம் சொல்லாமல் விடுவதே தனிக் குற்றம்.

ஷகிப் அல் ஹசனை எடுத்துக்கொள். 2019 அக்டோபரில் ஐசிசி அவருக்கு இரண்டு வருடத் தடை விதித்தது, அதில் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது அவர் வங்கதேசத்தின் டெஸ்ட், டி20 கேப்டன். அவர் ஆட்டத்தை விற்றதாக யாரும் சொல்லவில்லை. தீபக் அகர்வால் என்பவர் வாட்ஸ்அப்பில் உள்விஷயம் கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஷகிப் அதை ஊழல் தடுப்புப் பிரிவிடம் சொல்லவில்லை. உலகத்தின் முதல்தர ஆல்ரவுண்டர் ஒருவர் ஆடுகளத்துக்கு வெளியே உட்கார அது போதுமானதாக இருந்தது.

ஆகவே தம்பி, முதலில் ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொள். "நோ பால் போடு, இவ்வளவு தருகிறேன்" என்று யாரும் முதல் நாளே கேட்க மாட்டார்கள். ரசிகன் என்பான். ஹோட்டல் லாபியில் செல்ஃபி எடுப்பான். உன் பழைய இன்னிங்ஸ் ஒன்றை ஓவர் ஓவராகச் சொல்லி அசத்துவான். இரண்டு வாரம் கழித்து, "நாளைக்கு பிட்ச் எப்படி இருக்கும் அண்ணா?" என்று சாதாரணமாகக் கேட்பான். 1994இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தில் மார்க் வாவும் ஷேன் வார்னும் 'ஜான்' என்ற ஆளிடம் பணம் வாங்கியது அப்படித்தான். அவன் கேட்டது பிட்ச் பற்றியும் வானிலை பற்றியும் மட்டும்தான். ஆஸ்திரேலிய வாரியம் இருவருக்கும் அபராதம் போட்டுவிட்டு அதை மூடி வைத்தது. 1998இல் வெளியே வந்தபோது இருவர் பெயரும் கெட்டது.

பிளேயிங் லெவன், யாருக்குக் காயம், டாஸ் ஜெயித்தால் என்ன எடுப்போம், யார் எந்த ஓவர் போடுவார்கள் என எதுவாக இருந்தாலும், ஊருக்குத் தெரியும் முன் அது உள்விஷயம். பணம் வாங்காமல் சும்மா சொன்னாலும், அது பந்தயத்துக்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வேண்டிய சூழ்நிலை என்றால் விதிமீறல்தான்.

இங்கேதான் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மேட்ச் நாள் காலையில் மாமா போன் செய்து, "இன்னைக்கு நீ ஆடுறியா? ஃபேன்டசியில டீம் போடணும்" என்று கேட்பார். பாசத்தில்தான் கேட்கிறார். பையனுக்கும் சொல்லாமல் இருக்கச் சங்கடம். ஆனால் மாமாவிடம் சொன்னது அவர் நண்பர்கள் குழுவுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வான அன்றே அம்மாவோ அப்பாவோ குடும்பம் முழுக்கச் சொல்லிவிடுங்கள்: டீம் பற்றி அவனிடம் யாரும் கேட்கக் கூடாது. பையன் வாயால் அதைச் சொல்ல வைக்காதீர்கள். தம்பி, நீயும் எந்த கிரிக்கெட் ஆட்டத்திலும் பந்தயம் கட்டாதே. நீ ஆடாத ஆட்டம் என்றாலும் அதே விதிதான்.

அடுத்து, ஸ்பான்சர். இளம் வீரனுக்கு நல்ல பேட் ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் இந்த வழியில் வருபவனை அடையாளம் காண்பது கஷ்டம். ஜிம்பாப்வேயின் பிரண்டன் டெய்லருக்கு வந்தது இந்த வலைதான். 2019இல் இந்தியத் தொழிலதிபர் ஒருவர், ஸ்பான்சர்ஷிப் பற்றியும் ஜிம்பாப்வேயில் டி20 போட்டி தொடங்குவது பற்றியும் பேசலாம் என்று அவரை இந்தியாவுக்கு அழைத்தார். வந்தாலே 15,000 டாலர் என்றார். கடைசி இரவு விருந்தில் கோகெய்ன் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதன் வீடியோவைக் காட்டி, ஃபிக்சிங் (காசுக்காக முன்பே பேசிவைத்தபடி ஆடுவது) செய்யாவிட்டால் வெளியிட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். டெய்லரே பின்னர் வெளிப்படையாகச் சொன்ன கதை இது. எந்த ஆட்டத்தையும் ஃபிக்ஸ் செய்யவில்லை என்றார். ஐசிசியிடம் போகும்போது ஏறக்குறைய நான்கு மாதம் ஓடிவிட்டிருந்தது. 2022இல் மூன்றரை வருடத் தடை.

எனவே ஸ்பான்சர் என்று யார் வந்தாலும், "கிளப் செகரட்டரியிடம் பேசுங்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று சொல். உண்மையான நிறுவனம் அதற்குத் தயங்காது. கையில் பணம், வாட்ச், போன், விமான டிக்கெட், தனி விருந்து எதுவும் வேண்டாம்.

வெளியாளைச் சமாளித்துவிடலாம். கேட்பவர் உன் கேப்டனாகவோ சீனியராகவோ இருந்தால்தான் உண்மையான சோதனை. 2000 மார்ச்சில் நாக்பூர் ஒருநாள் ஆட்டத்துக்கு முன் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியே, தன் அணியின் ஹெர்ஷல் கிப்ஸிடம் 20 ரன்னுக்குள் அவுட்டாகும்படி கேட்டார். விலை 15,000 டாலர். பந்துவீச்சாளர் ஹென்றி வில்லியம்ஸிடம் 50 ரன்னுக்கு மேல் கொடுக்கச் சொன்னார். இருவரும் சரி என்றார்கள். கிப்ஸ் களத்தில் இறங்கி 74 அடித்தார். வில்லியம்ஸ் தோள்பட்டை காயத்தால் இரண்டு ஓவர்கூட முடிக்கவில்லை. சொன்னது எதுவும் நடக்கவில்லை, காசும் கைக்கு வரவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஆறு மாதத் தடை, ஏனென்றால் தலையாட்டியிருந்தார்கள். பத்து வருடம் கழித்து லார்ட்ஸில் காசுக்குப் பேசிவைத்தபடி நோ பால் போட்ட பாகிஸ்தானின் முகமது ஆமிருக்கு வயது 18. அந்த ஒப்பந்தத்தில் இருந்த சல்மான் பட் அவருடைய கேப்டன். லண்டன் நீதிமன்றம் சல்மான் பட்டுக்கு 30 மாதமும் ஆமிருக்கு ஆறு மாதமும் சிறைத் தண்டனை கொடுத்தது. என் பையன்களிடம் ஆமிரின் வயதை அழுத்திச் சொல்வேன். கேப்டன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று வளர்த்தவர்கள் நாங்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் கேட்காதே என்று சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.

சரி, ஒருவன் கேட்டுவிட்டான். இப்போது என்ன?

"டீம் விஷயம் பேச மாட்டேன்" என்ற ஒரு வரியோடு இடத்தை விட்டு எழு. வாதாடாதே, திட்டாதே, "எவ்வளவு தருவே?" என்று வேடிக்கைக்குக்கூடக் கேட்காதே. அந்தக் கேள்வியைப் பதிவு செய்து பிறகு உன்னிடமே காட்டுவார்கள். ஆளை நீயே பொறி வைத்துப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதே, பதில் போடாதே, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடு. நேரில் என்றால் அறைக்கு வந்ததும் ஒரு தாளில் எழுது: தேதி, நேரம், இடம், அவன் சொன்ன வார்த்தைகள், கூட யார் இருந்தார்கள். இரண்டு நாள் போனால் வார்த்தைகள் மாறிவிடும்.

அப்புறம் ஊழல் தடுப்பு அதிகாரிக்குப் போன் செய். தொடர் தொடங்கும் முன் நடக்கும் வகுப்பில் எண் கொடுப்பார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள், நீ எண்ணைப் பதிந்துகொள். மேட்ச் அன்று போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் ஒரு சீட்டிலும் எழுதி வை. ரூம்மேட்டிடமோ கோச்சிடமோ சொன்னது புகார் ஆகாது. என்னிடம் சொன்னாலும் ஆகாது, நான் உன்னை அந்த எண்ணுக்கு அழைக்கத்தான் சொல்வேன்.

2017இல் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது இதைச் செய்தார். அணுகிய இர்ஃபான் அன்சாரி, ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த ஒரு பயிற்சியாளர். கிரிக்கெட் வட்டாரத்துக்குள்ளேயே இருந்தவர். சர்ஃபராஸ் தயங்காமல் சொன்னார். அன்சாரிக்குப் பத்து வருடத் தடை, சர்ஃபராஸ் தொடர்ந்து ஆடினார். 2023இல் முகமது சிராஜும் தன்னிடம் உள்விஷயம் கேட்ட ஒருவரைப் பற்றி பிசிசிஐயிடம் சொன்னார், ஐபிஎல்லில் தொடர்ந்து பந்து வீசினார். புகார் சொன்னால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயப்படும் பையனுக்கு இவர்கள் இருவரையும்தான் காட்டுவேன்.

விசாரணையில் போனைக் கேட்டால் கொடுத்துவிடு. மறைப்பதும் ஒத்துழைக்காததும் தனிக் குற்றங்கள். இலங்கையின் முன்னாள் கேப்டன் சனத் ஜயசூரியாவுக்கு 2019இல் கிடைத்த இரண்டு வருடத் தடை அந்த வகைதான்.

ஏற்கெனவே வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டாயா, பரிசு வாங்கிவிட்டாயா? இன்றைக்கே போ. அவன் கையில் உன் ரகசியம் இருக்கும்வரைதான் அவனுக்குப் பலம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் ஃபிக்சிங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், மேட்ச் ஃபிக்சிங் ஏமாற்றுக் குற்றத்தில் வராது என்று சொல்லி கேபிஎல் (கர்நாடக பிரீமியர் லீக்) வழக்கை ரத்து செய்தது. அதைக் கேட்டுத் தைரியம் கொள்ளாதே, வாரியத்தின் தடைக்கு நீதிமன்றத் தண்டனை தேவையில்லை. இலங்கைக்கு ஆடப் போனால் அங்கே நிலைமை வேறு. 2019 சட்டப்படி பத்து வருடம் வரை சிறை.

புகார் கொடுத்த பிறகு அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வரலாம். எடுக்காதே. வந்த நேரத்தைக் குறித்து அதே அதிகாரிக்கு அனுப்பு. அவர் சொல்லும்வரை அந்த எண்ணை பிளாக் செய்ய வேண்டாம்.