கையிலுள்ள எழுத்துகளுக்கு ஆங்கிலச் சொல் தேடும் வழி

கோடை விடுமுறையில் கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் பலகை விரிந்துவிட்டால், கையில் க்யூ எழுத்து சிக்கியவர் ஆங்கிலத்தில் வழக்கமாக அதன் பின்னே வரும் யூ எழுத்து கிடைக்கும்வரை காத்திருந்தே ஆட்டத்தைக் கோட்டை விடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். க்யூவுக்கு 10 மதிப்பெண்கள் உண்டு. அதனுடன் ஐ எழுத்தை மட்டும் சேர்த்தாலே, சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் செல்லத்தக்க சொல் கிடைத்துவிடும். அது ஏறக்குறைய நாம் முகம் சுளித்துச் சொல்லும் ‘ச்சீ’ போலவே ஒலிக்கும் என்பதால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டதும் மறக்கவில்லை.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் போல, எழுத்து நிற்கும் இடமும் தெரிந்துவிடும் விளையாட்டுகளுக்கு வேறு முறை உதவும். ஒன்லுக் போன்ற இணைய அகராதியின் தேடல் கட்டத்தில், தெரிந்த எழுத்துகளை அவற்றின் இடத்திலும், தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியையும் இடைவெளியின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். எம், கேள்விக்குறி, என், அதன்பின் இரண்டு கேள்விக்குறிகள் என்று இட்டால், மனி, மன்த் ஆகியவற்றோடு நம் மாவட்டத்துக்கே உரிய மேங்கோவும் பட்டியலில் வந்து நிற்கும். மொத்தம் எத்தனை எழுத்துகள் என்பதே தெரியாதபோது, கேள்விக்குறிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு நட்சத்திரக் குறி போதும்.

இத்தகைய பட்டியல்களில் ஊர்ப்பெயர்களும் சுருக்கெழுத்துகளும் கலந்து வரும். ஸ்கிராபிளில் அவை செல்லாது. ஆட்டத்தின் நடுவே கைபேசியைத் திறப்பது கள்ளாட்டம் என்பதால், நாங்கள் ஆட்டம் முடிந்த பிறகே தேடிப் பார்க்கிறோம்.