ஜே.சி.பி. வந்த பிறகு கவுன்சிலரைத் தேடாதீர்கள்

எங்கள் தெருவில் ரோடு போட ஜல்லி கொட்டிய அன்றுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். பாதாள சாக்கடைக் குழாயே இன்னும் பதிக்கவில்லை, இப்போது ரோடு போட்டால் அடுத்த வருஷம் தோண்டத்தானே போகிறார்கள் என்று பத்துப் பேர் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றோம். "மன்றத்தில் தீர்மானம் போட்டு, டெண்டர் முடிந்து, வேலை உத்தரவும் கொடுத்தாயிற்று, இனி நான் என்ன செய்ய?" என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

சின்ன நகராட்சிகளில் நாம் செய்கிற பெரிய தவறே இதுதான், வேலை கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறோம். கூட்டத்துக்கு முன்பே அஜெண்டா கவுன்சிலர்கள் கைக்குப் போய்விடும், எந்தத் தெருவுக்கு என்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்போதே கேட்டு வாங்கிப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டியும் கேட்கலாம், ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் ரோடு காய்ந்துவிடும்.

அப்புறம், "சீக்கிரம் போட்டுக் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். அதைக் கேட்டு வாங்காத தெருவில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு வாசற்படி புதையும்.

கலெக்டரிடம் திங்கள்கிழமை மனு கொடுத்தால் காரியம் நடக்கும் என்பதும் பாதி நம்பிக்கைதான், அந்த மனு சுற்றிவிட்டு அதே நகராட்சி ஆணையர் மேசைக்கே வரும்.

நில உபயோக விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். குடியிருப்புப் பகுதியை வணிகப் பகுதியாகக் கவுன்சிலரே மாற்றித் தருவார் என்று நம்பி அலைகிறவர்கள் உண்டு. 1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரமைப்பை உள்ளாட்சிகளுக்குத் தரக்கூடிய வேலைகளில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறது, ஆனால் நம் மாநிலத்தில் பிடி இன்னும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திடமும் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும்தான். மன்றம் தீர்மானம் போட்டு அனுப்பலாம், முடிவு மேலே. அந்தச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளிவந்ததும் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும். அந்த 2 மாதம் ஊரில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பிறகு வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் உத்தேசத் திட்டச் சாலை தன் மனைக்குக் குறுக்கே போவதே தெரியவரும்.

மனை வாங்குகிறவர்கள் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் இருக்கிறதே என்பார்கள், அது 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு. உங்கள் மனைப்பிரிவு எந்தத் தேதியில் உருவானது என்று பத்திரத்தைப் பாருங்கள், புரோக்கர் முகத்தை அல்ல.

ஓ.எஸ்.ஆர். நிலத்தை, அதாவது லேஅவுட்டில் பொதுவுக்கென்று ஒதுக்கும் திறந்தவெளியை, மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பச்சையாகப் பூங்கா இருக்கும், நேரில் கருவேல முள்தான் இருக்கும். மனைகள் விற்றுத் தீர்ந்ததும் அந்த முள்ளும் விலை பேசப்படும். தானப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று பலகை நடச் சொல்லி மனு கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள். பலகை இல்லாத இடத்தில் முதலில் மாடு கட்டுவார்கள், பிறகு தகர ஷெட் வரும், பிறகு கொடிக்கம்பம். கொடிக்கம்பம் வந்துவிட்டால் எந்தக் கவுன்சிலரும் அந்தப் பக்கமே வரமாட்டார்.